ஒரே தலையில் கிளைவும் சமையல்காரனும்

கிடைத்துவிட்டது! ஆற்காடு முற்றுகை காமெடி நாடகத்தில் எனக்கும் இடம் உண்டு, வேஷம் ஒன்றல்ல, ஏழு. மொத்தமே நாலு நடிகர்கள். அந்த நாலு பேரை வைத்துக்கொண்டு கோட்டைக்குள் மாட்டிய கம்பெனிப் படைத் தலைவன் கிளைவ், வெளியே முற்றுகை போட்ட ரஸா சாகிப், கிளைவுக்கு உதவிக்கு வந்த மராத்தியத் தலைவர் முராரி ராவ், சிப்பாய்கள், யானை வரைக்கும் ஒப்பேற்ற வேண்டும் என்றால் கணக்கு அப்படித்தான் வரும். இதே குழு இதற்கு முன்னால் போட்ட புராண நாடகத்துக்குப் போனபோது "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றார்கள். நாடகம் நடந்து முடிந்து போட்டோவெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, எனக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கடுப்பில்தான் இந்த முறை கொஞ்சம் வெறியாகவே தயாரானேன்.

ஆடிஷனுக்கு ஒரு பக்கம் முன்னாலேயே அனுப்பியிருந்தார்கள். கிளைவும் கோட்டைச் சமையல்காரனும் பேசுகிற காட்சி, இரண்டு பேரும் நாமேதான். 1751 முற்றுகையில் அரிசி குறைந்தபோது, சிப்பாய்கள் வந்து "சோறு வெள்ளைக்காரங்களுக்கு இருக்கட்டும், வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னதாக ஒரு கதை வழிவழியாக வருகிறதே, எழுதியவர் அதை அப்படியே தலைகீழாகப் போட்டிருக்கிறார். சமையல்காரன் கஞ்சியின் பெருமையை அளந்து அளந்து, கடைசியில் கிளைவே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சிக்குக் கை நீட்டுகிறான், சிப்பாய்கள் சத்தமில்லாமல் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். "இன்னா தொர, வெறும் சோத்தத் துன்னுட்டு இன்னா சண்ட போடப் போற? கஞ்சில உப்பு கீது, தெம்பு கீது." இந்த மாதிரி டயலாக்கை நம்ம ஊர்க்காரன் சொன்னால்தான் எடுபடும். கிளைவும் எனக்கு ஒன்றும் தூரத்து ஆள் இல்லை. அப்போது அவனுக்கு 25, 26 வயசு, சென்னைக்கு வந்ததே கம்பெனிக் கணக்கெழுதத்தான். நானும் பகலெல்லாம் பில் போடுகிறவன், அந்த எரிச்சல் முகம் தானாக வரும்.

சிக்கல் எங்கே என்றால், ஆள் மாறுகிற அந்த ஒரு நொடியில். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குரலை மாற்றினார்கள், கிளைவுக்குக் கட்டைக் குரல், சமையல்காரனுக்குக் கீச்சுக் குரல். நாலு வரி தாண்டியதும் இரண்டும் கலந்து, யார் யாருக்குக் கஞ்சி ஊற்றுகிறார் என்றே தெரியவில்லை. நான் குரலைத் தொடவில்லை. பார்வையை மட்டும் பிரித்துக்கொண்டேன்: சமையல்காரன் பேசும்போது முழங்கால் லேசாக மடிந்து, கண் இடது பக்கம் ஜன்னல் மேல்கம்பியில், கிளைவ் பேசும்போது முதுகு நிமிர்ந்து, கண் வலது பக்கம் தரையில். திரும்புவது இடது குதிகாலில், தலை முதலில் போய்விட வேண்டும், தோள் பிறகுதான் வர வேண்டும். தோள் முதலில் போனால் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆள் அப்படி இப்படித் திரும்புகிற மாதிரிதான் இருக்கும். கூத்தில் கட்டியங்காரன் ஒரே மூச்சில் ராஜாவிடமும் பேசி, ஜனங்களிடமும் பேசி, நடுவில் மிருதங்கக்காரரையும் கிண்டல் பண்ணுவாரே, அவர் கழுத்தைக் கவனித்துப் பாருங்கள். சின்ன வயசில் செய்யாறு பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்ததற்கு இப்போது கூலி கிடைத்திருக்கிறது.

ஆனால் என் உயிரை எடுத்தது தலைதான். கிளைவுக்குத் தொப்பி, சமையல்காரனுக்குத் தலைப்பாகை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட எவ்வளவு பறந்தாலும் அந்த நேரத்துக்குள் சிரிப்பு ஆறிப்போய்விடுகிறது. வாடகை டிரஸ் கடையில் கேட்டால் கட்டபொம்மன் தலைப்பாகை, பாரதியார் முண்டாசு, ஜான்சி ராணி செட் எல்லாம் தயாராக இருக்கிறது, வெள்ளைக்காரத் துரை என்றால் மட்டும் வேட்டைக்குப் போகிற சோலா தொப்பியை எடுத்து நீட்டுகிறார்கள். அது அடுத்த நூற்றாண்டுச் சமாச்சாரம் அண்ணா, 1751-க்கு மூன்று மூலைத் தொப்பி வேண்டும் என்றேன். "ஆண்டு விழாவுக்கு இதே போதும்பா" என்று பதில்.

அப்புறம் ராத்திரி தோன்றியது, தலைப்பாகையை ஏன் கழற்ற வேண்டும்? அது பாட்டுக்குத் தலையிலேயே இருக்கட்டும், தொப்பி அதற்கு மேல் உட்காரட்டும். தொப்பி இருந்தால் கிளைவ், எடுத்தால் சமையல்காரன், ஒரு கை போதும்.

இதில் அளவுதான் எல்லாமே. என் தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர், தலைப்பாகையோடு 66. அந்த அளவுக்கு எந்தக் கடையிலும் தொப்பி கிடைக்காது, தைக்கத்தான் வேண்டும். தலைப்பாகைக்கு மல் துணிதான் சரி, வேட்டித் துணி வைத்தால் பூசணிக்காய் மாதிரி உப்பிவிடும். முன்பக்க மடலை வெட்டி எறிந்த பழைய கிரிக்கெட் தொப்பியில் சுற்றி, சுற்றுக்கு நாலு இடத்தில் நூல் போட்டுவிட்டால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அவிழாது. தொப்பிக்குத் தோல். ஆம்பூர் பக்கம் ஷூ மேல்பாகத்துக்கு வருகிற தோல் பெரும்பாலும் குரோம் என்கிற ரசாயன உப்பில் பதனிட்டது, நனைத்து எந்த வடிவத்தில் வைத்தாலும் காய்ந்ததும் துவண்டுவிடும், அதை வாங்கிவிடாதீர்கள். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் நனைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும். ராணிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓரத்துண்டு கிடைத்தது. குறுக்களவு 21 சென்டிமீட்டர் வருகிற குண்டானைக் கவிழ்த்து, ஈரத்தோலை அதன் மேல் இழுத்துக் கயிறு கட்டி மொட்டை மாடியில் வைத்தேன். வேலூர் வெயில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்துத் தைக்கும்போது ஊசி இரண்டு உடைந்தது. குண்டான் விஷயத்தில் அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஆடிஷன் பத்து மணிக்கு என்றார்கள், ஆரம்பிக்கும்போது சாப்பாட்டு நேரமே நெருங்கிவிட்டது. காத்திருந்த நேரத்தில், நடுவர் மாதிரி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கிளைவ் என்றால் "டேய் மேன், நீ என்ன சொல்றான்" என்று சினிமா துரைத் தமிழ்தான் பேச வேண்டும் என்று ஒவ்வொருவரையும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாடகத்தில் கிளைவ் சுத்தமான ஆபீஸ் தமிழ் பேசுகிறான், காமெடியே அங்கேதான் இருக்கிறது, முற்றுகைக்கு நடுவில் அரிசி இருப்புக்கு ரசீது கேட்கிறவன் அவன். நான் ஸ்கிரிப்ட்டில் இருந்தபடியே பேசினேன். பெரியவர் முகம் சுளித்தார், டைரக்டர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் தொப்பிக்கு அடியிலிருந்து தலைப்பாகை வால் தோளில் எட்டிப் பார்த்தது. அண்ணன் நிறுத்தினார்.

"ஏம்பா, கிளைவுக்குப் பின்னாடி வால் தொங்குது?"

"இருக்கட்டும்ணா. கிளைவோட படையில 500 பேர்ல 300 பேரு நம்ம சிப்பாய்ங்கதான?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த வால் இப்போது ஸ்கிரிப்ட்டிலேயே ஏறிவிட்டது, கிளைவ் ஒவ்வொரு முறை வீரவசனம் பேசும்போதும் ஒரு விரல் கூடுதலாக வெளியே வர வேண்டுமாம். அதற்கு உள்ளே ஒரு நைலான் நூல் விட்டுப் பார்க்கிறேன், இப்போதைக்கு இழுத்தால் தலைப்பாகையே கூட வருகிறது.

மீசை ஒட்ட ஸ்பிரிட் கம் பசை வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சித்திரை, வைகாசியில் இங்கே அது மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் நடைப்பயிற்சி போகும். சென்னையில் வாங்கினாலும் அதே கதைதான்.

அடுத்தது யானை. ரஸா சாகிப் ஆட்கள் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்ட ஓட்டி வந்து, துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின இடம். குடியாத்தத்துக்காரர் ஒருவர் முன்கால், நான் பின்கால், உடம்புக்குச் சாம்பல் நிற லுங்கி, அதை அவரே ஊரிலிருந்து எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார். தகடுக்கு முறுக்கு டின் மூடி பார்த்தாகிவிட்டது, சத்தம் நன்றாக வருகிறது. போன ஞாயிறு ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டுக்குப் போய், அந்த வாசலுக்கு எதிரே நின்று இரண்டு பேரும் குனிந்து நடந்து பார்த்தோம். ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் "இன்னாப்பா தொலைச்சீங்க" என்று கூடவே தேட ஆரம்பித்துவிட்டார். முன்னால் போவதில் பிரச்சினை இல்லை. திரும்பி ஓடும்போதுதான் பின்கால் எந்தப் பக்கம் திரும்புவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. அதற்குள் அகழியில் தெப்பத்தில் வந்தவர்களை கிளைவே பீரங்கி பிடித்துச் சுட்ட காட்சியும் என் தலையில் விழுந்திருக்கிறது, அதில் கிளைவும் நான், தெப்பத்தில் வருகிறவனும் நான். தெப்பத்துக்குத் தள்ளுவண்டிச் சக்கரம் நாலு தேடுகிறேன், ரப்பர் வைத்ததாக இருந்தால் நல்லது, இரும்புச் சக்கரம் அந்தக் கூடத்தில் டயலாக்கையே முழுங்கிவிடும்.