ஐப்பசியில் அச்சுக்கு ஓய்வு

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் இன்றைக்குப் பூ வார்க்கும் அச்சுகள் சுவரோரம் சாத்திக் கிடக்கின்றன.

அடைமழை. கல் சீக்கிரம் காயாது, ஆர்டரும் மந்தம். வருஷம் முழுக்க அச்சிலேயே பழகிய கை, இப்போது கரண்டியால் நேரே, கல் வார்க்கும் கண்ணாடித் தகட்டின் மேல் பூ ஊற்றுகிறது.

சாயச் சிமெண்டு தோசைமாவுப் பதத்தில் இருக்கணும். நீர்த்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். இறுகினால் இதழ் நுனி விழாது.

மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவினால் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஈரக் கலவை, மட்டம். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடி தருவது. பூ எப்படி வந்தது என்று கண்ணாடியைக் கழற்றினால்தான் தெரியும்.

கைப்பூவில் ரெண்டு கல் ஒத்துப்போகாது. கூடம் முழுக்கப் பதிக்கத் தோதுப்படாது, நடுக்கல்லுக்குச் சரி.

என்னைக் கேட்டால், தை பிறந்து ஆர்டர் குவிந்தாலும் வாரத்தில் ஒருநாள் அச்சைத் தொடவே வேண்டாம். கூலி குறையும்தான்.