கடை பிளகினும் நில பிளகினும்

ஜூன் 7, 2024

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் பையன்கள் ஆடித் தீர்க்கட்டும் என்று மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வரை 1.20.6 பதிப்புக்கு ஏற்றினேன். ஜாவா 21 போட்டு, சர்வரை ஓட்டும் மென்பொருளான பேப்பரைப் புதுசாக்கித் திறந்தால், நடப்பதையெல்லாம் எழுதும் லாக் முழுக்கப் பிழைச் சிவப்பு. முதலில் கண்ணில் பட்டது ஆட்டத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் நில பிளகின் (பிளகின் என்றால் சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்), அதையே திட்டினேன். தக்கலையில் விடாத மழை, கரண்டு இரண்டு தடவை போனது.

ஜூன் 8

14 பிளகின்களையும் பாதிப் பாதியாக வெளியே எடுத்துப் பார்த்தேன். ஆட்டத்துக் கடைகளை நடத்தும் கடை பிளகினை எடுத்தால் நிலம் ஏறவே இல்லை, நிலத்தின் கோப்பில் கடையை 'டிபெண்ட்', அதாவது அது இல்லாமல் ஓடாது, என்று போட்டிருக்கிறார்கள். கடையை வைத்தால், அது ஏறி, "ஜார் மாற்றப்பட்டுள்ளது" (ஜார் என்பது பிளகின் கோப்பு) என்று ஒரு வரி சொல்லித் தன்னையே அணைத்துக்கொள்கிறது, பின்னால் வரும் நிலம் அதைக் கூப்பிட்டுப் பதில் இல்லாமல் விழுகிறது. அந்த ஒரு வரி சிவப்பில்கூட இல்லை!

காசு கொடுத்து வாங்கிய பிளகின் என்னைத் திருடன் என்கிறது. மார்த்தாண்டத்துச் சித்தி மகன் போனில், "அண்ணே, கிராக் ஜார் கெடக்கு, அனுப்பட்டா?" என்றான். வேண்டாம் மக்கா, பூட்டை உடைத்தவன் தனக்கு ஆப், அதாவது சர்வரின் முழு அதிகாரம், கொடுக்கிற நிரலையும் உள்ளே வைத்திருந்தால் யார் பார்ப்பது?

ஜூன் 9

பிளகின் போல்டருக்குள் பேப்பர்-ரீமேப்ட் என்று ஒளிந்திருக்கும் போல்டர் ஒன்று. 1.20.5-லிருந்து பேப்பர், மைன்கிராஃப்டை எழுதிய மொஜாங் தன் நிரலின் பகுதிகளுக்கு வைத்த பெயர்களிலேயே ஓடுகிறது, ஸ்பிகாட் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளின் பெயர்களில் எழுதிய பழைய ஜார்களைப் பெயர் மாற்றி இங்கே வைத்து, இங்கிருந்துதான் ஏற்றுகிறது. கடை தன் ஜாரைத் தானே படித்து ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) போட்டுப் பார்க்கிறது. எப்படிப் பொருந்தும்?

பெயர் மாற்றத்தை அணைத்தேன், கடை எழும்பியது, நிலம் படுத்தது: சர்வரின் உள் கிளாஸ்களை, அதாவது நிரல் பகுதிகளை, பழைய பெயரில் தேடுகிறது அது. ஒன்றுக்கு வேண்டும், இன்னொன்றுக்கு ஆகாது. கடை ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் 'மொஜாங் பெயர்கள்' என்று ஒரு வரி இருந்தால் பேப்பர் அதை மட்டும் தொடாது. நானே எழுதலாம்தான், எழுதினால் ஹாஷ் மாறிவிடும். வாங்கிய ரசீதோடு எழுதியவருக்கே மெயில் போட்டேன்.

ஜூன் 11

அந்த வரியோடு புது ஜார் வந்தது. பெயர் மாற்றத்தைத் திரும்பப் போட்டேன், இரண்டும் ஏறின. பள்ளிக்கூடம் நேற்றே திறந்தாயிற்று, ராத்திரி வந்தது மூன்றே பேர், அதில் ஒருத்தன் சித்தி மகன்.