கண்ட்ரோல் செடி

ஒரு கத்தரிச் செடியை வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டவரிடம் முடியாது என்று சொன்னேன். சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர் திருப்பிக் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் அமையவில்லை.

செடி பாலூர் 1 ரகம். ஜீன் மாற்றும் திட்டத்தில் கண்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஜீன் மாற்றாமல் வைத்திருந்தது; ஜீனைச் செடிக்குள் கொண்டுபோகும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தின் பக்கமே போகாதது. விதையிலையின் இரு முனையையும் வெட்டி, முளை வரவழைக்கும் ஹார்மோனான ஜியாட்டின் கலந்த எம்.எஸ். மீடியா என்ற சத்துக்கூழில், ஜீன் ஏறாத துண்டுகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான கேனமைசின் சேர்க்காமல் வைத்தோம். ஜீன் ஏற்றப் பார்த்த துண்டுகளில் பெரும்பாலானவை கேனமைசினில் வெளிறிச் செத்துக்கொண்டிருக்க, கண்ட்ரோல் தட்டுகளில் வெட்டு விளிம்பெல்லாம் பச்சைப் பச்சையாய்ப் பொடித்துக்கொண்டு வந்தது. வீட்டில் கவலை வைக்காத பிள்ளையைப் போல, அந்தத் தட்டுகளை யாரும் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

முளை வரவழைத்தது நான். அதைச் செடியாக்கியது லேப் அண்ணன். காகிதத்தில் அவர் வேலை பாட்டில் கழுவுவது, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் போடுவது. ஆனால் லேபிள் எழுதுவதும், பாட்டில் செடியை வெளியில் வாழப் பழக்கும் ஹார்டனிங்கும் எப்போதோ அவர் கைக்குப் போய்விட்டிருந்தன. பாட்டிலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. வெளியே எடுத்த சில நிமிடத்திலேயே துவண்டு படுத்துவிடும். வேரில், மீடியாவைக் கெட்டியாக்கும் அகார் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பூஞ்சணம் வந்துவிடும். அண்ணன் தண்ணீருக்குள் வைத்தே விரல் நுனியால் வேரை நீவி அகாரை எடுப்பார். கோகோபீட் கப்பில் நட்டு, மேலே பாலித்தீன் உறை போட்டு, அதில் தினமும் ஒன்றிரண்டு துளையாகப் போட்டு வெளிக்காற்றுக்குப் பழக்குவார். என் கையில் பாதிச் செடி போய்விடும். அவர் கையில் போவது அபூர்வம்.

அந்த பேட்ச் முடிந்தது. தரவு எடுத்தாகிவிட்டது. செடிகள் எல்லாம் ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்குப் போய் அழிய வேண்டிய நாள்.

"மேடம், கண்ட்ரோல்ல ஒண்ணே ஒண்ணை நான் எடுத்துக்கட்டுமா? லேப்ல என்னதான் பண்றீங்கன்னு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

"வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்லண்ணா."

"ஜீன் போட்டதைத்தானே? இது கண்ட்ரோலாச்சே."

"ரெண்டும் ஒரே ரேக்ல இருந்துச்சு. எங்கயாவது மாறியிருந்தா?"

"அதான் லேபிள் இருக்கே."

"லேபிளே மாறியிருந்தா?"

"எழுதினது நான்தானே மேடம். நீங்க லேபிளை நம்பலையா, என்னை நம்பலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. நான், "இதே ரகத்துல விதை பாக்கெட் வாங்கித் தர்றேண்ணா" என்றேன். "விதை கடையிலயே கிடைக்குதே மேடம்" என்று சிரித்துவிட்டு, கப்புகளை ட்ரேயில் அடுக்க ஆரம்பித்தார்.

என் பக்க நியாயத்தை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு சப்கல்ச்சர், அதாவது புது மீடியாவுக்கு மாற்றுவது; ஒவ்வொரு தடவையும் புது பாட்டில், புது லேபிள். கிருமியில்லாமல் வேலை செய்யும் லேமினார் மேசையில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது மார்க்கர் மை கரையும். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும். ஒரே ஒரு தடவை கை தவறினால் போதும். எங்கள் ஆய்வக விதியும் அதனால்தான் அப்படி: அந்த அறைக்குள் இருந்த எதுவும், கண்ட்ரோலே ஆனாலும், ஜீன் மாற்றிய பொருளாகவே கணக்கு.

காலமும் அப்படி. புழுவைக் கொல்லும் பாக்டீரியா ஜீன் ஏற்றிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில், ஜீன் மாற்றிய பயிர்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசுக் குழுவான ஜி.இ.ஏ.சி. ஒப்புதல் கொடுத்தது. 2010 பிப்ரவரி 9 அன்று, சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. பங்களாதேஷ் விவசாயிகள் 2014இல் நட்டே விட்டார்கள், இங்கே கத்தரி என்றாலே ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினார்கள். அந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும், தேனீ வந்தால் கலப்பு நடக்கும். அதன் காட்டு உறவுகள் நம் ஊர்ப் பக்கமே முளைத்துக் கிடக்கின்றன. எங்கள் அறையிலிருந்து ஒரு செடி வெளியே போய் ஒருவர் வீட்டுக் கொல்லையில் பூத்தது என்று தெரிந்தால் திட்டம் மட்டுமா போகும்? முதலில் போவது அண்ணன் வேலையாகத்தான் இருக்கும். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ வாயில் வந்தது விதை பாக்கெட்.

சரி, இதெல்லாம் நியாயம்தான். ஆனால் லேபிள் மாறியிருக்கலாம் என்று நான் உண்மையிலேயே நினைத்திருந்தால், என் ஆய்வேட்டில் 'கண்ட்ரோல்' என்ற அந்தப் பத்தியை எப்படி நிரப்பினேன்? முளைவிட்ட சதவீதம், துண்டுக்கு எத்தனை முளை, எல்லாமே அதே லேபிளை வைத்து எண்ணியதுதான். அதை எழுதும்போது கை நடுங்கவில்லையே.

இதற்கு ஒரு பதில் பிற்பாடு கிடைத்தது. நூறு பாட்டிலில் ஒன்று மாறினால் அட்டவணையில் அது சராசரியோடு கரைந்துபோகும், தோட்டத்தில் கரையாது. நல்ல வாதம். எனக்குப் பிடித்த வாதமும்கூட. ஆனால் அன்றைக்கு இது என் மனதில் இருந்ததா, அப்புறமாக நான் தைத்துக்கொண்டதா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

ஏற்றிய ஜீன் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை பார்த்திருக்கலாமே என்பீர்கள். கேனமைசின் எதிர்ப்பு ஜீனைத் தேட உதவும் பிரைமர் ஃபிரீசரில்தான் இருந்தது. கண்ட்ரோல் இலை ஒன்றின் டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டியும் இருந்தோம், பட்டை வரவில்லை, அதாவது அந்த ஜீன் அதில் இல்லை. அது வேறு செடியின் இலை. அவர் கேட்ட செடியையும் பார்த்து, அதிலும் ஒன்றும் வராமல் இருந்தாலும், உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். ஒரு சிறுமியிடம் காட்டுவதற்காக ஒரு கத்தரிச் செடி என்று அந்த விண்ணப்பத்தில் எந்த இடத்தில் எழுதுவது?

பெண்ணை ஒருநாள் லேபுக்குக் கூட்டிவாருங்கள், நானே சுற்றிக் காட்டுகிறேன் என்று அப்புறம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். கூட்டிவரவில்லை.

அடுத்த பேட்சில் ஒரு மாற்றம். மூடி, பாட்டில் இரண்டிலும் லேபிள், இரண்டிலும் தேதிக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்து. நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்காகச் செய்தாரா, என்மேல் உள்ள வருத்தத்தில் செய்தாரா என்று கேட்கவும் இல்லை. வழிகாட்டி பார்த்துவிட்டு, நல்ல பழக்கம், எல்லோரும் இப்படி எழுதுங்கள் என்றார்.

வைவாவில் வெளித்தேர்வாளர் அதே இடத்துக்குத்தான் வந்தார். கண்ட்ரோலும் மாற்றியதும் கலக்கவில்லை என்பதற்கு என்ன உறுதி? நான் யோசிக்கவே இல்லை. லேபிள் முழுக்க ஒரே ஆள் எழுதியது, இரண்டு இடத்தில், முதலெழுத்தோடு; அவர் எழுதி மாறியதாக ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை என்றேன். முதலெழுத்து வந்ததே இரண்டாவது பேட்சிலிருந்துதானே என்று தேர்வாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

அன்று மதியச் சாப்பாட்டு ஏற்பாடு அண்ணன்தான். இலை போட்டுக்கொண்டே, "என்ன மேடம் கேட்டாங்க?" என்றார். ஜியாட்டின் அளவைப் பற்றித்தான் நிறையக் கேட்டார் என்றேன். அதுவும் கேட்டிருந்தார்தான்.