பொறியியற் சேவைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு

இலங்கைப் பொறியியற் சேவையின் மூன்றாம் தரத்துக்கான போட்டிப் பரீட்சை எப்போது அறிவிக்கப்படும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. அறிவித்தல் வந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் காலம் போதாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானியைப் பார்ப்பதும் படிப்பும் ஒன்றாகவே நடக்கட்டும்.

வர்த்தமானியில் முதலில் தேட வேண்டியது விண்ணப்ப முடிவுத் திகதி. வயதும் தகைமையும் அந்தத் திகதியை வைத்தே பார்க்கப்படும். பட்டமளிப்பு விழா பிந்தியிருந்தால், பட்டம் செல்லுபடியாகத் தொடங்கும் திகதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒரு கடிதம் எடுத்து வைத்திருங்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு வரி குழப்பமாக இருந்தால் சிங்களப் பிரதியோடு ஒப்பிடுங்கள். முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று அறிவித்தலின் கடைசியில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத்தபால், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பரீட்சையின் பெயர், கழன்று விழாதபடி ஒட்டிய கட்டணப் பற்றுச்சீட்டு. ஒட்டுமுன் பற்றுச்சீட்டைப் போட்டோக்கொப்பி எடுங்கள்.

மொழிமூலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். விண்ணப்பத்தில் போட்ட மொழியைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். அறிவியல்நகரில் (யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடம்) படித்தாலும் பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்தாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தகைப்பு, விகாரம், திருப்பம் எல்லாம் உயர்தர வகுப்பிலிருந்து கைவசம் இருக்கும். மண் பொறியியலுக்குத் தமிழ்ச்சொல் தேடும்போதுதான் பேனா நிற்கும். ஆகவே விண்ணப்பம் நிரப்பமுன் ஒரே கேள்விக்கு இரண்டு மொழியிலும் 20 நிமிடம் கையால் விடை எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, ‘28 நாள் கொங்கிரீட் கியூப் பலம் தேறவில்லை, பொறியியலாளராக என்ன செய்வீர்?’ பலர் முதல் வரியிலேயே ‘உடைத்து அகற்றுவேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கடைசிப் படி. முதலில் கியூப் (சோதனைக்காக அச்சில் வார்த்த கொங்கிரீட் கட்டி) சரியாக நிரப்பி, நீரில் பதப்படுத்தி, சரியான நாளில் நசுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு கொங்கிரீட் இட்ட அன்றைய சிலம்ப் (ஈரக் கலவையின் இளக்கம்) அளவும் 7 நாள் பெறுபேறும். அதற்குப் பிறகு கட்டுமானத்திலேயே சுத்தியல் சோதனை, தேவையானால் துளையிட்டுக் கோர் (உருளை வடிவ மாதிரி) எடுத்தல். கிடைத்த பலத்தை வைத்து வடிவமைப்பை மீளக் கணித்த பின்தான் அகற்றுவதைப் பற்றிப் பேசலாம். இந்த ஒழுங்கு எந்த மொழியில் தடங்கலின்றி வருகிறதோ அதையே தெரிவு செய்யுங்கள்.

கணக்கில் ஆளை விழுத்துவது அலகுகள்தான். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிலாப்புக்கு 1:2:4 கலவை (சீமெந்து, மணல், சல்லி) என்று வைப்போம். ஈரக் கொங்கிரீட் 7.5 கனமீற்றர். நேரே பங்குகளின் கூட்டுத்தொகையான 7 ஆல் பிரித்தால் 31 பை சீமெந்து வரும். அது பிழை. உலர்ந்த பொருட்களுக்கிடையே காற்றிடைவெளி இருப்பதால் 1.54 ஆல் பெருக்க வேண்டும்: 11.55 கனமீற்றர். சீமெந்து 1.65 கனமீற்றர், கனமீற்றருக்கு 1440 கிலோ என்றால் 2376 கிலோ, அதாவது 50 கிலோப் பை 48. மணல் 3.3 கனமீற்றர், சல்லி 6.6. இங்கே மணலும் சல்லியும் கியூப் கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு கியூப் 100 கனஅடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆக மணல் 1.17 கியூப், சல்லி 2.33 கியூப். சோதனைக் கியூப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது 150 மில்லிமீற்றர் அச்சு.

வளை (beam) வடிவமைப்பில் சுமைக் காரணிகளை, அதாவது சுமையைப் பெருக்கும் எண்களை, கலக்காதீர்கள். பழைய பிரித்தானிய நியமத்தில் நிலைச்சுமைக்கு 1.4, நகரும் சுமைக்கு 1.6. ஐரோப்பிய நியமமான யூரோகோட்டில் 1.35, 1.5. பழைய வினாத்தாளைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை அங்கிருந்தும் மற்றதை இங்கிருந்தும் எடுத்துவிடுகிறார்கள். எந்த நியமம் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நுண்ணறிவு வினாத்தாளுக்கு நேரம்தான் எதிரி. ஒரு மணித்தியாலத்தில் 50 வினா என்றால் ஒன்றுக்கு 72 செக்கன். 3.40க்குக் கடிகார முட்களுக்கிடையே கோணம் கேட்டால், மணி முள் 3இலேயே நிற்பதாக நினைத்து 150 பாகை என்று போடுவார்கள். 40 நிமிடத்தில் அந்த முள்ளும் 20 பாகை நகர்ந்திருக்கும், விடை 130. தினமும் 50 வினா, கணிப்பான் இல்லாமல், மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள்.

அனுமதி அட்டை வந்த அன்றே கையொப்பத்தை உறுதிப்படுத்துங்கள்: பாடசாலை அதிபர், சமாதான நீதவான் போன்றவர்கள் செய்து தருவார்கள். நிலையம் கொழும்பில் என்றால் இரவு பஸ்ஸில் போய் விடியவே நேரே மண்டபத்துக்குள் நுழைகிற திட்டம் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து பாதை ஏறத்தாழ 400 கிலோமீற்றர், தூக்கமில்லாத தலையால் நுண்ணறிவு செய்ய முடியாது. முதல்நாள் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்து, மண்டபத்துக்கு எந்த வாசல் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.