மின்னல் போரை இழுத்துச் சென்ற குதிரைகள்

இரண்டாம் உலகப்போரில் ‘மின்னல் போர்’ எனப்பட்ட அதிவேகத் தாக்குதல் நடத்திய ஜெர்மானியப் படை என்றாலே புழுதி கிளப்பிச் சீறும் டாங்கிகள்தான் வெகுகாலம் என் கண்முன் நின்றன. அன்றைய ஜெர்மானியச் செய்திப்படங்களும் அவற்றைத்தான் விரும்பிக் காட்டின. அந்த டாங்கிகளுக்குப் பல நாள் நடைத் தொலைவு பின்னால், மைல் கணக்கில் நீண்ட குதிரை வண்டி வரிசைகள் வந்துகொண்டிருந்தன என்பதை விவரமாகப் படித்த பிறகே, நான் அறிந்திருந்தது அந்தப் படையின் முகப்பை மட்டுமே என்று விளங்கியது.

1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்த அப்படையுடன் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் சென்றன. வாளேந்திய வீரர்களைச் சுமந்து பாய்ந்தவை அவற்றுள் மிகச் சிலவே. மற்றவை பீரங்கிகளையும் வெடிமருந்தையும் சமையல் வண்டிகளையும் இழுத்தன. பல ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு காலாட்படை டிவிஷனுக்கு ஏறத்தாழ 5,000 குதிரைகள், 10.5 செ.மீ. குழல் விட்டமுள்ள பீரங்கி ஒன்றை இழுக்க மட்டும் 6 குதிரைகள். இதைப் பழமைப்பற்று என்று சொல்லிவிட முடியாது. பெட்ரோலும் ரப்பரும் போதாத நாடு அது. தேவையான லாரிகளைச் செய்து தரும் வலுவும் அதன் தொழிற்சாலைகளுக்கு இல்லை. பிரிட்டனின் படையோ போர் தொடங்கும்போதே பெரும்பாலும் மோட்டாருக்கு மாறியிருந்தது.

என்னை மலைக்கவைத்தது தீவனக் கணக்குதான். நிறுத்திவைத்த லாரி பெட்ரோல் கேட்பதில்லை. குதிரையோ நின்றாலும் தின்னும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? ஒரு டிவிஷனின் குதிரைகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 டன் ஓட்ஸும் உலர்புல்லும் வேண்டியிருந்தன. குண்டுகளும் எரிபொருளும் குளிராடைகளும் முட்டிமோதிய அதே ரயில்களில்தான் இந்தத் தீவனத்துக்கும் இடம் தேட வேண்டும். கிடைக்காதபோது, கூரை வேய்ந்திருந்த பழைய வைக்கோலைக்கூடப் பிடுங்கிப் போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவின் கனத்த இழுவைக் குதிரைகள் இலையுதிர்காலச் சேற்றிலும் அடுத்து வந்த பனியிலும் கொத்துக் கொத்தாக விழுந்தன. பான்யே எனப்பட்ட உள்ளூர்ச் சிறு குதிரைகள் அந்தக் குளிரைத் தாங்கின; ஆனால் கனமான பீரங்கியை இழுக்க அவற்றுக்கு வலுப் போதவில்லை.

1942-இல் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடை அடைந்த ஜெர்மானிய ஆறாம் படை, தீவனத் தட்டுப்பாட்டால் தன் குதிரைகளில் பெரும்பகுதியை மேற்கே வெகுதூரம் பின்னால் அனுப்பியிருந்தது. நவம்பரில் சோவியத் படைகள் சுற்றிவளைத்தபோது, பீரங்கிகள் இருந்தன, அவற்றை நகர்த்தக் கால்கள் இல்லை. வளையத்துக்குள் எஞ்சியிருந்த குதிரைகள் பட்டினி கிடந்த வீரர்களின் உணவாயின.

1944 மே மாதம் கருங்கடல் தீபகற்பமான கிரிமியாவிலிருந்து ஜெர்மானியர்கள் கடல்வழியே பின்வாங்கியபோது, குதிரைகளை ஏற்றக் கப்பலில் இடம் இல்லை. எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று, அதுவரை பீரங்கிகளை இழுத்துவந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கரையோரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.