வியர்க்காத குதிரை

அப்பா பினாங்கில் பத்து கந்தோங் என்ற இடத்து லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். புதுக் குதிரை வந்தால் அதன் முகத்தைத் தொடவே மாட்டார். பக்கவாட்டில் போய் நின்று, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நகத்தால் மெல்லச் சொறிந்துவிடுவார். குதிரைக்குக் கண் இரண்டும் பக்கத்தில். நெற்றிக்கு நேராக நீளும் கை அதன் பார்வைக்குத் தப்பிவிடும். பழகிய குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அந்த மேட்டில்தான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணிகிறது என்று 1993-இல் பிரான்சில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான்தான் ஜேடை அடித்தேன்.

நியூசிலாந்திலிருந்து வந்த பெண் குதிரை அவள். சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போன சவாரிப் பள்ளியில் இருந்தாள். காலை பத்து மணி ஆனால் நகரமாட்டாள். "சோம்பேறி, திமிர்" என்றார் பயிற்சியாளர். குச்சியை என் கையில் கொடுத்தார், நானும் இரண்டு தட்டு தட்டினேன். காதைப் பின்னால் விறைத்துக்கொண்டாள். மூக்குத் துவாரம் விரிந்தது. அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். இன்று எழுதும்போதும் மனம் கூசுகிறது.

என்னை அழைத்துப் போக வந்த அப்பா, சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். அந்த வெயிலிலும் ரோமம் காய்ந்து கிடந்தது.

"இதுக்கு வேர்க்கவே இல்லம்மா. எப்படி ஓடும்?"

குளிர் நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சிலவற்றுக்கு நம் புழுக்கத்தில் வியர்வைச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் மூச்சு வாங்கும். விலங்கு மருத்துவரும் அதையேதான் சொன்னார். உறுதியான மருந்து கிடையாது. சவாரியை விடியற்காலைக்கு மாற்றினோம். லாயத்தில் பெரிய காற்றாடி வைத்தோம், தீனியில் உப்பு சேர்த்தோம், வேலை முடிந்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினோம்.

அதன்பிறகுதான் நான் குதிரை முகத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். வலியைக் கண்டுபிடிக்க 2014-இல் ஆய்வாளர்கள் ஆறு அடையாளங்கள் வகுத்திருக்கிறார்கள். விறைத்துப் பின்வாங்கிய காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத் துவாரம். தமிழில் எழுதி லாயக் கதவில் ஒட்டினேன். சேணம் போடுமுன் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அன்று சவாரி இல்லை. முதுகு, பல், குளம்பு மூன்றையும் பார்ப்போம். "திமிர்" என்ற சொல்லை அங்கே நான் அனுமதிப்பதில்லை.

ஜேடிடம் இப்போது மேட்டில் கை வைத்தால் கழுத்தைத் தாழ்த்தி, மேலுதட்டை நீட்டி நெளிப்பாள். ஆனால் என் கையில் குச்சி மாதிரி எது இருந்தாலும், குடையாக இருந்தாலும், அவள் காது இன்னும் பின்னால்தான் போகிறது.