மடிச்சுக் காட்டுங்கோ அன்ரி

லண்டனில் இருக்கும் மாமாவின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு மடிப்புச் சைக்கிளையும் கொண்டுவந்தான். மூன்று கிழமை அதில் கோயிலுக்கும் கடைக்கும் ஓடித் திரிந்தான். திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் கருவாடும் மிளகாய்த்தூளும் ஏறிவிட்டன, சைக்கிளுக்கு இடமில்லை. "அடுத்த முறை எடுக்கிறன், பத்திரமா வச்சிருங்கோ அக்கா" என்றான். ஐந்து மாதம் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பிறகு அதில் ஏறி மன்னாருக்குப் போனேன்.

காரணம் இதுதான். முந்தின வருடம் அம்மாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். கொக்குவிலில் இருந்து எங்களுக்கு அது ஒரு பஸ் தூரம். பக்கத்துக் கட்டில் அக்கா மன்னார் றோட்டில் இருக்கிற வெள்ளாங்குளத்துக்காரி. கதிர்ச் சிகிச்சை என்றால் கிழமைக்கு ஐந்து நாள், அதுவும் கிழமைக்கணக்கில் போகும். அவவோடு கூட வந்த மகள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். "மருந்து இலவசந்தான் தங்கச்சி, வந்து போறதுதான் இலவசமில்லை" என்று அந்த அக்கா ஒரு நாள் சொன்னா. முறைப்பாடாகச் சொல்லவில்லை, விலை சொல்வது போலச் சொன்னா.

எங்கள் சனசமூக நிலையத்தில் இப்படியானவர்களுக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுக்க ஒரு சின்ன நிதி இருக்கிறது. தை மாதக் கூட்டத்தில் அது முடிந்துவிட்டது என்று பொருளாளர் சொன்னார். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்தச் சனம் வாற றோட்டால நான் மன்னார் மட்டும் சைக்கிளில போறன், கிலோமீற்றருக்கு இவ்வளவு எண்டு எழுதுங்கோ" என்றேன். 10 ரூபாவில் இருந்து 100 ரூபா வரை எழுதினார்கள். ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் மட்டும், "பாதியில பஸ் ஏறினா பாதிக் காசுதான்" என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி ஒப்பம் வைத்தார்.

அம்மா கேட்டா: "காசு வேணுமெண்டால் வீடு வீடாய்ப் போய்க் கேளன். அதுக்கு ஏன் மன்னாருக்குப் போறாய்?" நியாயமான கேள்வி. என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. 2011இல் நாட்டின் தெற்கு அந்தத்தில் இருக்கிற தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கு அந்தத்துப் பருத்தித்துறை மட்டும் நடந்தே வந்து இதே தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்கள். அவர்களிடமும் யாரோ ஓர் அம்மா இதைக் கேட்டிருப்பா.

என்னிடம் நல்ல லேடீஸ் சைக்கிள் இருக்கும்போது மடிப்புச் சைக்கிள் எதற்கு? திரும்பி வரத்தான். நாற்பத்தேழு வயதில் போகலாம், அதே தூரம் திரும்பியும் உழக்க முடியாது. மடித்தால் பஸ்ஸில் ஏற்றலாம். சில்லு 20 அங்குலம், பிள்ளைகளின் சைக்கிளுக்குப் போடுகிற அதே அளவு, எந்த ஊர்க் கடையிலும் ரியூப் இருக்கும். பெயர் பெற்ற பிராம்ப்டன் மடிப்புச் சைக்கிள் என்றால் பெரும்பாலும் 16 அங்குலம், நடுவழியில் ரியூப் தேடுவது வில்லங்கம். ஆனால் சின்னச் சில்லு றோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும். எங்கள் பெரிய சைக்கிளின் சில்லு ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் போகும், இது ஒன்றரை மீற்றர்தான். அதற்காகக் கால் இரட்டிப்பாகச் சுற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள், முன் பல்லுச்சக்கரம் பெரிது. இதைத் தெரியாமல் முதல் நாள் பயந்துபோய் இருந்தேன்.

பழகுவதற்குப் பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவான் மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். கடலுக்கு நடுவே போகிற றோட்டில் காற்று யாருக்கும் சலுகை காட்டாது. முதலில் ஆவணி விடுமுறையில் போகலாம் என்றுதான் சொன்னேன். இறங்குதுறையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு ஐயா, "சோளகத்துக்கு எதிரா மன்னாருக்கோ? மாசியில போ பிள்ளை, வாடை முதுகில தள்ளும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். துணைக்கு என் தம்பியின் மகன், அவனுடைய லுமாலாச் சைக்கிளில். கரியரில் தண்ணீர்ப் போத்தல்கள், புட்டுப் பார்சல், சில்லறை போடப் பால்மாப் பேணி ஒன்று.

நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் வலிகாமச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அன்று, இதே பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு இரவு போனது. மழை. அப்பாவின் ரலிச் சைக்கிளின் கரியரில் அம்மம்மா, ஹாண்டிலில் அரிசியும் கேத்திலும். யாரும் ஓடவில்லை, உருட்டினோம். அதற்கு முந்தின பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்தச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் அப்பா ரேடியோவில் செய்தி கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். மருமகனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப போன் சார்ஜ் போடலாம் என்ன மாமி?" என்றான். போடலாம்தான்.

தனங்கிளப்பு தாண்டினால் இரண்டு பக்கமும் வெளி. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல்தான் வந்தது. அதற்கு முன் கேரதீவில் நின்று பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையில், ஏறிக் கடக்க வேண்டும். பாலத்தின் உச்சியில் வாடை முதுகில் கை வைத்தது போலத் தள்ளியது. பெடலே மிதிக்காமல் பூநகரிப் பக்கம் இறங்கினேன். அந்த ஒரு இறக்கத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

பூநகரியில் ஒரு தேத்தண்ணிக் கடை. இறங்கியதும் முதலாளி என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளையின்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திட்டீங்களோ அன்ரி?" எனக்குச் சுள்ளென்று வந்தது. பேசாமல் கொளுக்கியைத் தட்டி, பிணைச்சலில் மடித்து, சீற்றை இறக்கி, ஹாண்டிலைச் சாய்த்து அவருடைய மேசைக்குக் கீழே தள்ளினேன். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். "இன்னொருக்கா மடிச்சுக் காட்டுங்கோ அன்ரி!" மருமகன் சும்மா இருக்கவில்லை, பேணியைக் குலுக்கி, "ஒரு மடிப்புக்கு 50 ரூபா, தெல்லிப்பழை நோயாளிகளுக்கு" என்றான். ஐந்து முறை மடித்தேன். தேத்தண்ணிக்கு முதலாளி காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் போனது சைக்கிள் ஓட்டமோ வித்தை காட்டலோ தெரியாது. நாச்சிக்குடாவில் மீன்காரர்கள், முழங்காவிலில் ரியூசன் விட்டு வந்த பெடியள், வெள்ளாங்குளத்தில் ஒரு கலியாண வீடு. பேச்சுப் பேசி நிதி சேர்க்க எனக்கு வராது, கூச்சம். மடிக்க வரும். மடிக்கும்போது நாலு பேர் கூடுவார்கள். கூடினவர்களில் ஒருவராவது, "எங்கட அத்தையும் அங்கதான் கிளினிக் போறவ" என்று சொல்லுவார். பிறகு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அவரே மற்றவர்களுக்குச் சொல்லுவார்.

இரவு முழங்காவிலில் பள்ளித் தோழி வீட்டில் தங்கினோம். மொட்டைக்கறுப்பன் சோறும் திரளிக் குழம்பும். முழங்கால் இரண்டுக்கும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளாங்குளத்துக்குப் பிறகு காடும் வெயிலும். விடத்தல்தீவுக்குக் கிட்ட ஒரு பஞ்சர், மருமகன் ஒட்டினான். பிணைச்சல் கொளுக்கி தளர்ந்து கீச்சிடத் தொடங்கியது, வழி நெடுக அதை இறுக்கிக்கொண்டே போனேன். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்துவிட்டு, நாலு மணிக்கு மன்னார்த் தாம்போதியில் ஏறினோம். எங்களை வரவேற்க இரண்டு கழுதைகள் நின்றன, வேறு ஒருவருமில்லை.

பஸ்ஸில் சைக்கிள் என் காலடியில் சாக்குப் பைக்குள் வந்தது. மருமகனின் லுமாலாவை ஒரு பட்டா லொறிக்காரர் மீன் பெட்டிகளுக்கு மேல் ஏற்றினார். அவனும் அதோடேயே வந்து மூன்று நாள் மணத்தான். பேணியை எண்ணினால் 11,640 ரூபா, அதற்குள் யாரோ போட்ட ஒரு தலைவலிக் குளிசையும். எழுதினவர்கள் எல்லோரும் தந்தார்கள். மாஸ்ரர் முழுக்காசும் தந்து பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கினார்.

படத்தை முகநூலில் பார்த்துவிட்டு மாமாவின் மகன் போன் எடுத்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, மன்னாருக்கு எத்தனை கிலோமீற்றர்?"

"நூறுக்கு மேல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் அதை வாங்கி மூண்டு வருசம். வீட்டில இருந்து ஸ்ரேசன் ஒண்டரைக் கிலோமீற்றர் அக்கா."